ஆறாவது சவால்: மகாதீரின் அறிவியலும் நம் கேள்விகளும்

2020 ஜனவரி முதல் நாள் மலேசியாவில் எல்லா மொழிகளிலும் ஒரே நகைச்சுவைதான் சுற்றியது. "பறக்கும் கார் எங்கப்பா?" தொண்ணூறுகளில் பள்ளிக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓவியப் போட்டி என்றால் வவாசான் 2020, கட்டுரைப் போட்டி என்றாலும் அதேதான். கண்ணாடிக் கோபுரங்களை வரைந்து, நடுவில் ஒரு பறக்கும் காரை நுழைத்துவிட்டால் பரிசு பாதி உறுதி. 2020 வந்தது. கார்கள் வழக்கம்போல ஃபெடரல் நெடுஞ்சாலையில் நகராமல் நின்றன. எல்லாரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்போடு வவாசானை நாம் கடந்துவிட்டோம் என்பதுதான் என் பிரச்சினை. மகாதீர் முகமது 1991 பிப்ரவரி 28 அன்று மலேசிய வணிக மன்றத்தில் ஆற்றிய அந்த உரையில் பறக்கும் கார் எதுவும் இல்லை. அது நாமாக வரைந்து சேர்த்தது. உரையை வாசித்தவர்கள் குறைவு, அதன் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் அதிகம். ஒரு தேசத் தலைவர் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் வைத்து நாட்டை எங்கே கொண்டுபோக நினைத்தார் என்று தெரிந்துகொள்ள நம்மிடம் இருக்கும் மிக முக்கியமான ஆவணம் அது. கதையை வாசிப்பதுபோலவே அதையும் வாசிக்கலாம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த இடத்தில் குரல் உயர்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறார்?

உரைக்குள் இருப்பது

உரை ஒன்பது சவால்களை அடுக்குகிறது. ஒன்றுபட்ட 'பங்சா மலேசியா' முதலாவது. முதிர்ந்த ஜனநாயகம் மூன்றாவது. சகிப்புத்தன்மையுள்ள தாராள சமூகம் ஐந்தாவது. ஆறாவதில்தான் அறிவியல் வருகிறது. புதுமை படைக்கும், எதிர்காலத்தைப் பார்க்கும் அறிவியல் சமூகமாக மலேசியா ஆக வேண்டும். தொழில்நுட்பத்தை வாங்கிப் பயன்படுத்துவதோடு நின்றுவிடாமல், நாளைய அறிவியல் நாகரிகத்துக்குத் தன் பங்கையும் கொடுக்க வேண்டும். சாரம் இவ்வளவுதான்.

இது சாதாரணமான ஆசை இல்லை. காலனியத்திலிருந்து விடுபட்டு முப்பத்து நான்கு ஆண்டுகளே ஆன, ரப்பரும் ஈயமும் விற்றுப் பிழைத்த ஒரு நாட்டின் பிரதமர், "நாங்கள் வாங்குபவர்களாக மட்டும் இருக்க மாட்டோம்" என்கிறார். அதே உரையில் நம் தொழிற்துறையின் நோயையும் நேர்மையாகவே சொல்கிறார்: உதிரிப் பாகங்களை ஒன்றுசேர்த்து அனுப்பும் வேலைதான் அதிகம், நாம் கூட்டும் மதிப்பு குறைவு, சொந்தத் தொழில்நுட்பம் வளரவில்லை. பினாங்கில் 1972 முதல் இன்டெல் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இயங்கிக்கொண்டிருந்த நாட்டில் இப்படிச் சொல்ல ஒரு தெளிவு வேண்டும். மகாதீரை விமர்சிக்கும் பலர் இந்தத் தெளிவை அவருக்குக் கொடுப்பதே இல்லை. நான் கொடுக்கிறேன்.

ஆனால் உரையின் எடை எங்கே விழுகிறது என்று பாருங்கள். பொருளாதாரத்துக்கு எண்கள் உண்டு. ஆண்டுக்கு ஏழு விழுக்காடு வளர்ச்சி. 1990இல் 115 பில்லியன் ரிங்கிட்டாக இருந்த உள்நாட்டு உற்பத்தி 2020இல் 920 பில்லியன் ஆக வேண்டும். அதாவது எட்டு மடங்கு. அறிவியல் சமூகத்துக்கு என்ன அளவுகோல்? ஒன்றும் இல்லை. அந்தச் சமூகம் வந்துவிட்டது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? உரை சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வணிகர்கள். அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. மூன்றாவது சவாலும் ஐந்தாவது சவாலும் ஆறாவதும் தனித்தனிப் பெட்டிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில்லாமல் இன்னொன்று வராது என்ற எண்ணம் உரையில் எங்கும் இல்லை. ஜனநாயகம் கொஞ்சம் பொறுக்கட்டும், ஆய்வுக்கூடத்தை முதலில் கட்டிவிடலாம் என்று நினைக்க அது இடம்கொடுக்கிறது. மகாதீரின் இருபத்திரண்டு ஆண்டு ஆட்சியை இந்த ஒரு விரிசல் வழியாகவே வாசித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவர் எழுதிய மரபியல்

இந்த விரிசலின் வேர் 1991க்கும் முன்னால் இருக்கிறது. மகாதீர் சிங்கப்பூரில் கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர். மலேசியாவின் பிரதமர்களில் அறிவியல் கல்வி வழியாக வந்த முதல் ஆள். 1970இல் வெளிவந்து, தடைசெய்யப்பட்டு, 1981இல் அவர் பிரதமரான பிறகு தடை நீங்கிய 'மலாய்க்காரரின் இக்கட்டு' நூலில் அந்த மருத்துவர் பேசுகிறார். மலாய்க்காரர்கள் ஏன் பின்தங்கினார்கள் என்ற கேள்விக்கு மரபணுவையும் சூழலையும் பதிலாக வைக்கிறார். நெல்வயல் தாராளமாக விளைந்ததால் பலவீனர்களும் பிழைத்தார்கள், நெருங்கிய உறவில் மணம்செய்ததால் பலவீனம் தங்கியது, வெள்ளமும் பஞ்சமும் சீனர்களை வடிகட்டி வலுவாக்கின என்று போகிறது அந்த வாதம்.

வாக்கியங்கள் மருத்துவ அறிக்கைபோலவே ஒலிக்கின்றன. காரணம் வருகிறது, விளைவு வருகிறது, முடிவு வருகிறது. தரவு மட்டும் வரவில்லை. அளந்து பார்த்த ஒரு எண் இல்லை. "இது தவறாக இருந்தால் எப்படித் தெரியும்?" என்ற கேள்வியும் இல்லை. அறிவியலின் குரல் இருக்கிறது, ஆனால் முறை இல்லை. 1977இல் சைட் ஹுசேன் அலாத்தாஸ் 'சோம்பேறி உள்ளூர்வாசி என்ற கட்டுக்கதை'யை எழுதியபோது எதிர்த்திசையில் போனார். காலனிய அதிகாரிகளின் எழுத்துகளைக் கிளறி, 'சோம்பேறி' என்ற முத்திரையை யார், எந்த இலாபத்துக்காகக் குத்தினார்கள் என்று தேடினார். அதே நூலில் மகாதீரின் வாதத்தையும் எடுத்து ஆராய்ந்தார். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். பட்டப்படிப்பில் அறிவியல் படித்தவர் மகாதீர். ஆதாரம் கேட்டவர் சமூகவியலாளரான அலாத்தாஸ்.

இதை நான் நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. அறிவியலை அதிகாரத்தின் குரலாகப் பார்ப்பவர் அதைக் கட்டளையாகவே மக்களிடம் கொண்டுபோவார். "நான் மருத்துவர், நீ நோயாளி, மருந்தைக் குடி." நோயாளி கேள்வி கேட்டால் மருத்துவருக்குக் கோபம் வரும்.

கார் நம்முடையது, இன்ஜின்?

புரோட்டோன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1983இல் நிறுவனம், 1985இல் முதல் சாகா. உள்ளே இருந்தது மிட்சுபிஷி. தேசியக் கார் என்று ஒட்டப்பட்ட பெயருக்கு அடியில் ஜப்பானிய வடிவமைப்பு. அதற்காகவே அதைக் கேலிசெய்வது சரியில்லை. எல்லா நாடும் முதலில் பார்த்துத்தான் எழுதும். 1996இல் லோட்டஸை வாங்கி, பிறகு கேம்புரோ இன்ஜினைச் செய்ததுவரை ஒரு கற்றல் நடந்தது. அங்கே வேலை கற்ற பொறியாளர்களும் உதிரிப்பாகக்காரர்களும் உண்மையானவர்கள்.

ஆனால் இறக்குமதிக் கார்களுக்கு வரிச் சுவர் எழுப்பி, போட்டியே இல்லாமல் ஒரு பிள்ளையை வளர்த்தால், "உன் கதவுக் கண்ணாடி ஏன் இறங்கலை?" என்று அதனிடம் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் வாங்கித்தான் ஆக வேண்டும். 2017இல் சீனாவின் கீலி 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. விண்வெளிக்குப் போனதும் இதே வகைதான். 2007 அக்டோபரில் டாக்டர் ஷேக் முஸ்சாபர் சோயுஸில் ஏறினார். அந்த இருக்கை 2003இல் ரஷ்யாவிடம் பதினெட்டு சுகோய் போர் விமானங்கள் வாங்க முடிவானபோது சேர்ந்து வந்தது. பயனாளராக மட்டும் இருக்கக்கூடாது என்ற ஆறாவது சவாலுக்கு, பெரிய அளவில் வாங்குவதே பதிலாகிப்போனது.

புக்கிட் மேராவில் கேட்கப்பட்ட கேள்வி

மலேசியாவில் அறிவியல் சமூகம் எப்படி இருக்கும் என்று காட்டியவர்கள் உண்மையில் ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் வாழ்ந்த மக்கள்.

1982இல் அங்கே ஏசியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் மணலில் மோனசைட் இருக்கும். அதிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தார்கள். எஞ்சியது தோரியம் கலந்த கழிவு, அதாவது கதிரியக்கம். பங்குதாரர்களில் ஒன்று மிட்சுபிஷி கெமிக்கல். புரோட்டோனைத் தந்த அதே பெயர். கழிவை முதலில் பாப்பான் என்ற சிற்றூரில் கொட்டத் திட்டமிட்டபோது அந்த ஊர் எதிர்த்தது. பிறகு புக்கிட் மேரா மக்கள் அறிவியல் எதைச் செய்யச் சொல்கிறதோ அதையே செய்தார்கள். அளக்க ஆள் தேடினார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஒரு மரபியல் பேராசிரியர் அளந்து, அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கதிரியக்கம் பல மடங்கு கூடியிருப்பதாகச் சொன்னார். 1985இல் நீதிமன்றம் போனார்கள். நிபுணர்களைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினார்கள். எழுத்தறிவு குறைந்த ஒரு கம்பத்து மக்கள், "உங்கள் அளவீட்டைக் காட்டுங்கள், எங்களுடையதையும் பாருங்கள்" என்றார்கள்.

1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கை வந்தது. சீனப்பள்ளி நியமனம் தொடர்பான இனப் பதற்றம்தான் காரணம் என்று அரசு சொன்னது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அள்ளிய அந்த வலையில் புக்கிட் மேரா போராட்டக்காரர்களும், அவர்கள் தரப்பில் நின்ற வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் இருந்தார்கள். விசாரணையே இல்லாத இசா சட்டம். மூன்று நாளிதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டது. கைது முடிவு காவல்துறையுடையது என்று மகாதீர் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அப்போது உள்துறை அமைச்சரும் அவர்தான்.

1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இருந்தும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அந்த இடத்தைத் துப்புரவாக்கும் வேலை பல ஆண்டுகள் நீண்டது.

வவாசான் உரை 1991. கைது 1987. அறிவியல் சமூகம் வேண்டும் என்று சொல்வதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அளவீடு கேட்ட குடிமக்களை அரசு சிறைக்கு அனுப்பிவிட்டது. கல்வி அமைச்சராக அவர் இருந்தபோது, பாலிங் பசிப் போராட்டத்தை ஆதரித்து மாணவர்கள் தெருவுக்கு வந்த மறு ஆண்டு, 1975இல் 'ஆக்கு' என்ற பல்கலைக்கழகச் சட்டம் இறுக்கப்பட்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பேராசிரியரை மறுத்துப் பேசப் பயப்படும் மாணவன் ஆய்வுக்கூடத்தில் மட்டும் திடீரென்று துணிந்துவிடுவானா?

இது மலேசியாவின் தனி நோய் என்றும் சொல்ல முடியாது. 'அறிவியல் மனப்பான்மை' என்ற தொடரை நேரு 1946இல் பரப்பினார். அதை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று இந்திய அரசமைப்பில் சேர்த்தது 1976ஆம் ஆண்டுத் திருத்தம். அது அவசரநிலை காலம். கேள்வி கேட்டவர்கள் சிறையில் இருந்தபோதுதான், கேள்வி கேட்பது கடமை என்று எழுதினார்கள்.

பெராங் பெசார் என்ற ஆய்வுக்கூடம்

இந்த அறிவியல் தேசத்தின் தலைநகர் எங்கே எழுந்தது என்பது நம் கதை.

முதல் உலகப் போரில் பங்கெடுத்த பிரிட்டிஷ்காரர்கள் 1921இல் சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டம் போட்டார்கள். போரின் நினைவாக அதன் பெயர் பெராங் பெசார், மலாயில் 'பெரும் போர்'. அது வெறும் தோட்டமாக இருக்கவில்லை. ஒட்டுக்கட்டிய மரங்களைச் சோதித்து, நல்ல பால் தரும் இனங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. பிபி 86, பிபி 217, பிபி 260 என்று உலக ரப்பர் வட்டாரத்தில் புழங்கும் பெயர்களில் 'பிபி' என்பது பெராங் பெசார்தான். இன்றும் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அந்த இனத்து மரங்கள் நிற்கின்றன. நாளைய அறிவியலுக்குப் பங்களிக்க வேண்டும் என்ற ஆறாவது சவாலை, அப்படி ஒரு சவால் எழுதப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த மண் செய்து காட்டியிருந்தது.

அந்த ஆராய்ச்சியை யார் செய்தார்கள்? பதிவேட்டில் வெள்ளைக்கார அதிகாரி இருப்பார். ஆனால் ஒரு ரப்பர் இனத்தைச் சோதிப்பது என்றால் ஒவ்வொரு மரமாகச் சீவி, ஒவ்வொரு மங்கிலும் எவ்வளவு பால் இறங்கியது என்று ஆண்டுக்கணக்கில் நிறுத்துப் பதிய வேண்டும். அந்தக் கத்தியைப் பிடித்த கை தோட்டத் தொழிலாளியின் கை. பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரம் காயப்படாது, எந்த மரம் மழைக்காலத்தில் ஏமாற்றும் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். அந்த அறிவுக்கு நாம் 'கூலி வேலை' என்று பெயர் வைத்தோம். அதிகாரி வைத்தார், சரி. நாமும் ஏன் வைத்தோம்?

1995க்குப் பிறகு அந்த நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. பக்கத்திலேயே சைபர்ஜெயா. பெராங் பெசார், கேலோவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். சுவர்கள் விரிசல் விட்டன. தரை வீடு கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. உலகத்துக்கு மர இனங்களைக் கொடுத்த நிலத்தின் மக்களுக்கு, அறிவியல் தேசம் கட்டித்தந்த கட்டடத்தின் சுவர்கூட ஒழுங்காக நிற்கவில்லை.

நம் இலக்கியம் இந்தத் துயரத்தை எழுதியிருக்கிறது, நிறையவே. லயம், ஆயாக்கொட்டகை, கங்காணி, பிரட்டுக் களம், தோட்டத் துண்டாடல், வெளியேற்றம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நான் வாசித்தவரை நம் கதைகளில் பால்மரம் பெரும்பாலும் வியர்வையின் குறியீடாகத்தான் நிற்கிறது. அது எந்த மரம், யார் ஒட்டுக்கட்டியது, அதன் வம்சம் எங்கெல்லாம் போனது என்று கதாபாத்திரம் ஒன்று கேட்டதாக நினைவில்லை. நாம் நம்மைப் பாதிக்கப்பட்டவர்களாக எழுதினோம். தெரிந்தவர்களாக எழுதவில்லை. தலைவரின் உரையில் நமக்கு இடமில்லை என்று புகார் சொல்கிறோம். நம் கதைகளிலும் நம் அறிவுக்கு இடமில்லை.

தணிக்கை இல்லை என்றொரு வாக்குறுதி

ஆனால் மகாதீரின் திட்டங்களில் ஒன்று அவரே எதிர்பாராத வேலையைச் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

1996இல் எம்எஸ்சி என்ற பல்லூடகப் பெருவழி தொடங்கியது. உலக நிறுவனங்களை இழுக்க அரசு பத்து உத்தரவாதங்களைக் கொடுத்தது. அதில் ஒன்று, இணையத்தில் தணிக்கை இருக்காது என்பது. 1998ஆம் ஆண்டுத் தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் அந்தப் பொருளில் ஒரு வரி ஏறியது. முதலீட்டாளர்களுக்காகச் சொன்ன சொல் அது. ஆனால் கதவு ஒருவருக்கு மட்டும் திறக்காதே.

1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி ஒரு சிற்றிதழ் நடத்தக்கூட உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. இணையத்துக்கு அது தேவைப்படவில்லை. 1999 நவம்பரில் மலேசியாகினி வந்தது. வலைப்பூக்கள் வந்தன. பிறகு இணைய இலக்கிய இதழ்களும் வந்தன. நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருப்பதும் அந்தக் கதவு வழியாகத்தான். 2003 ஜனவரியில் மலேசியாகினி அலுவலகத்தில் காவல்துறை புகுந்து கணினிகளை எடுத்துப்போனது. வாக்குறுதியின் எல்லை அப்போது தெரிந்தது. இதிலும் ஒரு சுவையான திருப்பம் உண்டு. பதவி விலகிய பிறகு நாளிதழ்கள் தன் பேச்சை இருட்டடிப்பதாகக் குறைபட்ட மகாதீர், 2008இல் 'செடெட்' என்ற வலைப்பூவைத் தொடங்கினார். அவருக்கும் அந்தக் கதவுதான் மிஞ்சியது.

தமிழ்ப் பக்கம் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது 1980களின் நடுவில். அப்போது எம்எஸ்சி என்ற சொல்லே பிறக்கவில்லை. ஆப்பிள் கணினியில் தமிழ் எழுதும் இணைமதி எழுத்துருவும், கைப்பேசிக்கு வந்த செல்லினமும் அவர் கைவேலை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுதுபவர், விரிவுரையாளர். 'கணியன்' மென்பொருளைச் செய்து, தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர். முதல் தமிழ் இணைய மாநாடு 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்தது. 2001 மாநாடு கோலாலம்பூரில்.

ஆறாவது சவால் கேட்ட பங்களிப்பு இதுதான். தமிழ்நாட்டில் இருப்பவர்களும் எடுத்துப் பயன்படுத்திய ஒன்றை இங்கிருந்து செய்தார்கள். அவர்களை நகர்த்தியது ஒரு தேசத் தலைவரின் கட்டளை இல்லை. "என் மொழி ஏன் இந்தத் திரையில் வரலை?" என்ற எரிச்சல். ஒரு கதைக்காரர் மென்பொருள் செய்யப் போனார் என்பது இளம் எழுத்தாளர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம்.

எந்த மொழியில் கேட்பது?

2003 ஜனவரியில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பிபிஎஸ்எம்ஐ தொடங்கியது. பதவியின் கடைசி ஆண்டில் மகாதீர் செய்த பெரிய மாற்றம் இது. தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டையும் அது தொட்டது. அவர் வாதம் எளிமையானது: புதிய அறிவு ஆங்கிலத்தில் வருகிறது, மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பழசாகிவிடும். 2009 மார்ச்சில் தேசிய இலக்கியவாதி ஏ. சமாட் சாயிட் வயதான காலத்தில் தெருவில் இறங்கினார். கண்ணீர்ப்புகை அடித்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் திட்டத்தைக் கைவிட அரசு முடிவெடுத்தது. 2016இல் டிஎல்பி என்ற பெயரில் ஆங்கில வழி விருப்பத் தேர்வாகத் திரும்பியது. 2020 தொடக்கத்தில், மீண்டும் பிரதமராகி, கல்வி அமைச்சர் பொறுப்பையும் கவனித்த மகாதீர் பழைய திட்டத்தை மறுபடி எடுத்தார். அடுத்த மாதமே ஆட்சி போய்விட்டது.

இதில் "தமிழ் வேண்டும்" என்று கொடி பிடிப்பது எளிது. அவர் வாதத்துக்குப் பதில் சொல்வதுதான் கடினம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை பதின்மூன்று வயதில் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அறிவியல் மலாய்க்கு மாறுகிறது. பல்கலைக்கழகத்தில் பாடநூல் ஆங்கிலம். இதை மறைத்துவிட்டு மொழிப்பற்று பேச முடியாது. நம் கலைச்சொற்கள் சில வாயில் நுழையாதவை என்பதும் உண்மை.

ஆனால் ஏழு வயதுப் பிள்ளை அறிவியலில் முதலில் கற்க வேண்டியது சொல் இல்லை, 'ஏன்' என்று கேட்பது. 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லிலேயே ஒளி இருக்கிறது, சேர்வது இருக்கிறது. "எதோட எது சேருது டீச்சர்?" என்று ஒரு பிள்ளையால் உடனே கேட்க முடியும். ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் அதே பொருள்தான், ஆனால் அது கிரேக்கத்தில் ஒளிந்திருக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அது மனப்பாடம் மட்டுமே. ஆசிரியருக்கும் அந்த மொழி தடுமாறினால் வகுப்பில் கேள்வி நின்றுவிடும். எல்லாரும் பாடநூலைத் திருப்பிச் சொல்லுவார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் ஊறிய பிறகு எந்த மொழியிலும் போய் உட்காரலாம். பழக்கம் ஊறும் வயதில் நாக்கைக் கட்டக்கூடாது.

இங்கேயும் அதே விரிசல்தான். மகாதீருக்கு அறிவியல் என்பது வந்து இறங்கும் சரக்கு. எந்தத் துறைமுகம் வழியாக இறக்கினால் விரைவு என்பதே அவர் கவலை. பிள்ளையின் வாயிலிருந்து அது கிளம்பலாம் என்ற சாத்தியம் அந்தத் திட்டத்தில் இல்லை. இன்றைக்குத் தன்னார்வலர்கள் தமிழ்ப்பள்ளிகளுக்கு அறிவியல் விழா நடத்துகிறார்கள். சின்னப் பிள்ளைகள் தாங்களே செய்த சோதனையைத் தமிழில் விளக்குவதை அங்கே பார்க்கலாம். வவாசான் உரையைவிட அது ஆறாவது சவாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எதை வைத்து மதிப்பிடுவது

ஒரு தலைவர் அறிவியலுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் நாம் உடனே பட்டியல் போடுகிறோம். கோபுரம், கார், விமான நிலையம், பெருவழி. மகாதீரின் பட்டியல் நீளமானது. ஒதுக்கித் தள்ளக்கூடியதும் இல்லை. அவர் வராமல் போயிருந்தால் இந்த நாடு இன்னும் மூலப்பொருள் விற்றுக்கொண்டே இருந்திருக்கலாம். பெரிதாக ஆசைப்படக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த ஆசைக்குத் தேவையான எதிர்ப்பேச்சை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. அதனால் பொருட்கள் வந்தன, பழக்கம் வரவில்லை. இன்னும் எந்தத் தொழிற்சாலை விவகாரம் வந்தாலும் மக்களிடம் எண்களைக் காட்டுவதற்கு முன்னால், "நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் பயப்படாதீர்கள்" என்றுதான் பதில் வருகிறது. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

இனி ஒரு தலைவர் செயற்கை நுண்ணறிவு என்றோ குறைக்கடத்திக் குறுஞ்சில்லு என்றோ புதிய வவாசானோடு வரும்போது, இளம் வாசகர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். இந்தத் திட்டம் தவறினால் அதை அளந்து சொல்லும் ஆளுக்கு என்ன நடக்கும்? இது எந்த நிலத்தில் எழுகிறது, அங்கே இருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? என் வீட்டுப் பிள்ளை தன் மொழியில் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல யாராவது இருக்கிறார்களா?

எழுதுபவர்களுக்கும் வேலை கிடக்கிறது. புக்கிட் மேரா வழக்கைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் ஏன் இல்லை? பினாங்கு ஆலையில் நுண்ணோக்கியில் கண்வைத்தே முப்பது ஆண்டு கழித்த ஒரு பெண்ணின் கதை எங்கே? பெராங் பெசாரில் மங்குப் பாலை நிறுத்து எண்ணைக் குறித்த ஒரு தொழிலாளி, தான் சீவிய மரம் ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது என்று தெரியாமலேயே டெங்கில் அடுக்குமாடியில் வாழ்ந்திருப்பார். அவரைப் பற்றிப் பரிதாபமாக எழுத நமக்கு நன்றாகவே வரும். அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று எழுத, முதலில் நாம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தலைமுறையில் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள்.